பழங்கணிப்பொறியும் நம் கடமையும்

பழையது என்னும் ஒரே காரணம்பற்றி ஒரு பொருளை எறிந்துவிடுதல் அறிவுடைமையாகாது. அவிநாசிபாளையத்தைச் சூழ்ந்த பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் தையற்பொறி பழுதுற்றால் எறிவார் யாருமிலர். ஊசியையும் லூப்பரையும் மாற்றி மீண்டும் ஓட்டுவர். கணக்கறையிலுள்ள கணிப்பொறி சற்றுத் தாமதித்தாலோ, அதனைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுவாருளர். இஃது என்ன நியாயம்?

மைக்ரோசாப்டு நிறுவனம் விண்டோஸ் 10க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14இல் நிறுத்தியது. ஆதலின், உறுப்பெல்லாம் நலமாயுள்ள பொறிகளும் கைவிடப்படும் நிலையை எய்தியுள்ளன.

பழம்பொறி வாங்குவோர் முதற்கண் அதன் இனத்தை அறிதல் வேண்டும். புறத்தே ஒட்டிய சீட்டு மாறியிருத்தல் கூடும். உள்ளே மதர்போர்டில் அச்சிட்டுள்ள எண்ணையே நம்புக. டிடிஆர்2 நினைவகம் டிடிஆர்3 பொறியிற் பொருந்தாது. அணைத்துத் திறக்குந்தோறும் தேதி பின்செல்லுமாயின், பெரும்பாலும் சிஆர்2032 என்னும் 3 வோல்ட் பாட்டரி தீர்ந்ததெனக் கொள்க. முந்தையோர் கணக்குகளை முற்றும் அழித்து, தூசி துடைத்து, சுழலும் ஹார்டு டிஸ்குக்கு ஈடாக எஸ்எஸ்டி பொருத்தி, இலவசமாய்க் கிடைக்கும் லினக்ஸை நிறுவின் பொறி புத்துயிர் பெறும்.

அது மின்சாரத்தை விழுங்குமென்பாரும், பெருவேலைக்கு உதவாதென்பாரும் உளர். மெய்யே, ஆயினும் எழுதவும் படிக்கவும் கருவியற்ற ஏழை மாணாக்கனுக்கு அதுவே போதும். எஞ்சிய அப்பத்துண்டுகளும் வீணாகலாகாதெனப் பணித்த ஆண்டவரின் அடியவர் நாம். தொழிலதிபர்கள் தாம் கழிக்கும் பொறிகளை அருகிலுள்ள பள்ளிகட்கு ஈவாராக. அவற்றைச் செப்பனிடும் பணியை மாணவராகிய நாம் ஏற்போமாக.