ரேங்குக்கு முன் 15 நிமிடம்

வேலை முடிந்து, நெரிசலில் ஊர்ந்து வீடு சேர்ந்து, சாப்பிட்டுவிட்டுக் கணினி முன் உட்காரும்போது மணி ஒன்பதரை. தூங்குவதற்குள் இரண்டு ஆட்டம் ஆடிவிடலாம் என்பது திட்டம். உட்கார்ந்ததும் பலர் நேராக ரேங்க் ஆட்டத்தைத் தட்டிவிடுகிறார்கள். கேட்டால், "முதல் ஆட்டத்திலேயே கை சூடாகிவிடும்" என்பார்கள்.

சூடாகும்தான். ஆனால், அதற்கான விலையை அணியிலுள்ள மற்ற நால்வரும் சேர்ந்தல்லவா கொடுக்கிறார்கள்! வெலோரண்ட்டில் 13 சுற்றுகளை முதலில் எட்டும் அணிக்கே பெரும்பாலும் வெற்றி. தொடக்கத்திலேயே நான்கைந்தைக் கோட்டைவிட்டால் எட்டிப்பிடிப்பது சிரமம். தோற்ற எரிச்சலில் "இன்னும் ஒன்று" என்று ஆரம்பித்தால், ரேங்க்கோடு தூக்கமும் போய்விடும்.

தமிழ்ப்பள்ளித் திடலில் ஓடவிடுவதற்கு முன் ஆசிரியர் வெதுப்பல் நடவடிக்கை செய்ய வைப்பாரே, அது விரல்களுக்கும் வேண்டும். வானொலியில் நாங்களும் தொண்டையைப் பழக்கிய பிறகுதான் நேரலையில் வணக்கம் சொல்கிறோம்.

15 நிமிடம் போதும். முதலில் கை. குளிர்சாதன அறையில் விறைத்த விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. வெதுவெதுப்பான நீரில் கழுவி, மணிக்கட்டை மெல்லச் சுழற்றுங்கள். வலி இருந்தால் அன்று ஆட வேண்டாம்.

அடுத்து குறி. வெலோரண்ட்டின் பயிற்சிக் களத்தில் 30 பொம்மைகள் ஒவ்வொன்றாகத் தோன்றும். எளிய நிலையில் தொடங்கி, தவறாமல் சுடப் பழகுங்கள். வேகம் தானாக வரும். பிறகு ஒரே ஒரு டெத்மேட்ச். அங்கே வீழ்ந்தாலும் உடனே எழலாம், ரேங்க் குறையாது. எத்தனையாவது இடம் என்று பார்க்காமல், எதிராளி எந்த மூலையிலிருந்து வருவார் என்பதில் கவனம் வையுங்கள். மொபைல் லெஜண்ட்ஸ் ஆடுபவர்கள், அன்று எடுக்கப்போகும் ஹீரோவைப் பயிற்சி முறையில் ஓட்டிப் பார்க்கலாம். இதையே ஒரு மணி நேரம் செய்தால் கை களைத்துவிடும்.

இதில் வீட்டுக்கும் ஒரு நன்மை உண்டு. ரேங்க் ஆட்டத்தில் பாதியில் எழுந்து போனால் தண்டனை. அம்மா எத்தனை முறை கூப்பிட்டாலும் "இதோ வரேன்மா" என்ற குரல் மட்டும் வருவது அதனால்தான். பயிற்சிக் களத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் எழலாம். குப்பையைக் கொண்டுபோய்ப் போட வேண்டுமா, பாட்டிக்கு மருந்து கொடுத்தாயிற்றா என்று அப்போதே கேட்டு முடித்துவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், அந்த 15 நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். அப்போது சொன்னால் காதில் விழும்.