பிரேக்கரைப் பெரிசாக்கினால் தீராது

"அடிக்கடி டிரிப் ஆகிறதா? 32 ஆம்பியர் எம்சிபி போடுங்கள், வண்டிக்கு ஆர்சிசிபி வீண் செலவு" என்று உணவு வண்டிக்காரர்களுக்குச் சொல்லப்படும் யோசனை ஆளைக் கொல்லும். எம்சிபி என்ற பிரேக்கர் காப்பது ஒயரை. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 16 ஆம்பியர், மிஞ்சினால் 20. அதில் 32 போட்டால் பிரேக்கர் விழாது, ஒயர்தான் உருகும்.

ஆளைக் காப்பது, மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. காசிமேட்டு உப்புக்காற்றில் துருவேறிய வண்டியின் பாடியில் அரை ஆம்பியர் கசிந்தாலும் எம்சிபி அசையாது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று கைப்பிடியைத் தொடுகிறவர் உயிர் போய்விடும். இதையா வீண் செலவு என்பது?

சிங்கிள் போல் எம்சிபியும் போதாது. இடத்துக்கு இடம் பிளக் செருகும் வண்டியில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கலாம். இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல்தான் வேண்டும். எர்த் கம்பியைப் பாடியில் போல்ட் போட்டு முடுக்குங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதாமாதம் அழுத்திப் பாருங்கள்.