உப்பளம் வெற்று நிலம் அல்ல

"சும்மா கிடக்கிற உப்பளம்தானே, அதில் ஏழைகளுக்கு வீடு கட்டினால் யாருக்கு நஷ்டம்?" தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று மும்பைத் தமிழர் கூடும் இடங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. தாராவி மறுசீரமைப்புக்கான வாடகை வீடுகளுக்காக, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளில் 255.9 ஏக்கர் உப்பள நிலத்தை மாநில அரசுக்கு மாற்ற மத்திய அரசு 2024 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. இந்தக் கேள்விக்கு அடியில் இருக்கும் நம்பிக்கைகள் எல்லாமே தவறு என்பது என் உறுதியான கருத்து.

முதலாவது, உப்பளம் சும்மா கிடக்கிறது என்பது. உப்பளத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலில் வற்றி, உப்பேறிக்கொண்டே போகிறது. முதல் பாத்திகளில் மீன் இருக்கும். உப்பு கூடக் கூட மீன் குறைந்து, உப்புநீர் இறாலும் ஈப்புழுவும் பெருகும். ஆழம் குறைவு, ஆள் நடமாட்டமும் குறைவு. நெடுங்கால் உள்ளான் வரப்பில் நான்கு முட்டை இடும். உப்புக்கொத்திக்குக் கூடு என்று ஒன்றே கிடையாது; மண்ணில் சிறு குழி பறித்தால் போதும். ஆட்காட்டியும் அப்படித்தான். மரமே இல்லாத வெட்டவெளிதான் இவற்றின் பாதுகாப்பு, ஏனென்றால் நாயோ கீரியோ வருவது தூரத்திலேயே தெரிந்துவிடும். "அலையாத்தி நட்டு ஈடு செய்துவிடலாம்" என்போர் இதைக் கவனிப்பதில்லை. அலையாத்திக் காடு மிக நல்லது. ஆனால் வெட்டவெளியில் முட்டையிடும் பறவைக்கு அது வீடாகாது.

சட்டமும் இந்தத் தவறான எண்ணத்துக்குத் துணை போகிறது. உப்பு உற்பத்திக்கென்றே அமைத்த இடங்களை, 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள் ஈரநிலம் என்ற வரையறைக்குள் சேர்க்கவில்லை. இந்தியாவும் கையெழுத்திட்ட ராம்சர் உடன்படிக்கையோ மனிதர் உருவாக்கிய ஈரநிலங்களின் பட்டியலில் உப்பளத்தை வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. வேதாரண்யத்து உப்பளங்களை அடுத்துள்ள கோடியக்கரைக்கு 2002-லேயே ராம்சர் தகுதி கிடைத்தது. அங்கே உப்பளத்தில் பறவை பார்ப்பது யாருக்கும் அதிசயமில்லை.

இரண்டாவது, "பக்கத்திலேயே சரணாலயம் இருக்கிறது, பறவைகள் அங்கே போகட்டும்" என்பது. தானே கழிமுகத்தில் 2015-இல் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது, 2022-இல் ராம்சர் தகுதியும் வந்தது. இரண்டும் மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் ஓதம் ஏறும்போது என்ன ஆகிறது? நாளுக்கு இருமுறை, பறவைகள் இரை தேடும் சேற்றுத்திட்டுகள் நீருக்கடியில் போய்விடுகின்றன. அங்கே இரை தேடிய சிறு உள்ளான்கள் நீரில் மிதந்தபடி இளைப்பாறுவதில்லை, அலையாத்திக் கிளையிலும் பெரும்பாலும் ஒண்டுவதில்லை. நீர் வடியும்வரை நின்று இளைப்பாற அவற்றுக்குத் திறந்த மேட்டுநிலம் வேண்டும். உப்பளம் அந்த இடம். சாப்பாட்டு அறையை மட்டும் காப்பாற்றிவிட்டுப் படுக்கையறையை இடிப்பது போன்றது இது. வேறிடம் தேடிப் பறப்பதும் இந்த நகரத்தில் எளிதல்ல. 2024 மே 20 இரவு காட்கோபரில் ஒரே விமானம் மோதி 39 பூநாரைகள் இறந்தன.

மூன்றாவது, "இந்த நிலத்துக்குக் கடல்நீரே வருவதில்லை, கிழக்கு விரைவுச்சாலை தடுத்துவிட்டது" என்பது. கடல்நீர் நின்றாலும் மழை நிற்பதில்லை. தாழ்வான நிலம் மழைநீரைத் தாங்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை நம்மவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தாழ்நிலத்தை மண் கொட்டி உயர்த்தினால், அங்கே தேங்கிய நீர் பக்கத்துக் குடியிருப்புக்குள் நுழையும்.

கடைசியாக, பறவையா மனிதரா என்ற கேள்வி. எனக்கு இதுதான் மிகவும் வருத்தம் தருகிறது. உப்பளத்தில் வரவிருக்கும் வீடுகள் யாருக்கு? 2011-க்குப் பின் குடியேறியவர்களுக்கும், மாடித்தளத்தில் வசிப்பவர்களுக்கும், அதாவது தாராவிக்குள்ளேயே இலவச வீடு பெறத் தகுதியில்லை என்று விலக்கப்படுவோருக்கு. அவர்களின் தோல் பட்டறையும் இட்லி வியாபாரமும் தையல் வேலையும் தாராவியில் இருக்கின்றன, முலுண்டில் இல்லை. சுமார் 600 ஏக்கர் தாராவியில் விற்பனைக்கான கட்டடங்களுக்கு இடம் ஒதுக்க முடிகிறதென்றால், அங்கேயே உழைப்பவர்களுக்கும் ஒதுக்க முடியும். முதலில் அந்தக் கணக்கைத் திருத்தட்டும். உப்பளத்தில் செய்ய வேண்டிய வேலை தனியாக இருக்கிறது: கட்டட இடிபாடு கொட்டுவதைத் தடுப்பது, மதகுகளைப் பழுதுபார்த்து நீர்மட்டத்தைச் சீராக வைப்பது, முட்டையிடும் மாதங்களில் வரப்புகளில் ஆளும் நாயும் நுழையாமல் பார்த்துக்கொள்வது.