பூனை நாய் மழை போதும், ஆசிரியப் பெருமக்களே!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புக் குழந்தை ஒரு தாளோடு வந்தாள். "தாத்தா, ஒப்பிக்கிறேன், சரி பாருங்க." ஐம்பது ஆங்கில மரபுத்தொடர்கள். 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்றால் பலத்த மழை, 'கிக் த பக்கெட்' என்றால் செத்துப்போவது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"சரி கண்ணு, 'ஹேங் ஆன்'னா என்ன?"

"தொங்கு, தாத்தா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பழைய மாணவன் ஒருவன் ஐடிஐ முடித்து ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். வேலையின் நடுவில் வடநாட்டு மேலாளர் 'ஹோல்ட் ஆன்' என்று கத்தியிருக்கிறார். பொறு, நிறுத்து என்று அர்த்தம். இவன் 'பிடித்துக்கொள்' என்று நினைத்து, அழுத்திய பொத்தானை விடவே இல்லை. எதிரில் நின்ற தொழிலாளியின் விரல் நசுங்கியது. இவனுக்கு வேலை போயிற்று. 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் அவன். பாடம் எடுத்தவன் நான். அந்த விரலில் எனக்கும் பங்கு உண்டு.

மழைக்கு ஏன் பூனையும் நாயும் வந்தன என்பது அகராதி எழுதியவர்களுக்கே உறுதியாகத் தெரியாது. அதை மனப்பாடம் செய்ய ஒரு பாடவேளை. ஆனால் ஹோல்ட் ஆன், வாட்ச் அவுட், டர்ன் டவுன், ரன் அவுட் ஆஃப் இவற்றுக்கு அரை மணி நேரம்கூட இல்லை! 'ஐ பாஸ்டு அவுட் லாஸ்ட் இயர்' என்று நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். நம் நாட்டில் அது படிப்பை முடித்தது. வெளிநாட்டில் படிப்பவருக்கு, போன வருடம் மயங்கி விழுந்தது! இதை எந்த வகுப்பில் சொல்கிறோம்?

"தேர்வில் கேட்கிறார்களே சார்" என்பீர்கள். கேட்கட்டும். நாலு மதிப்பெண்ணுக்கு நாலு நாள் போதும். மற்ற நாட்களில் வாயால் பேசவிடுங்கள்.

தமிழில் 'தண்ணி காட்டிட்டான்', 'அல்வா கொடுத்துட்டான்' என்பதைப் பட்டியல் வைத்தா படித்தோம்? காதில் விழுந்தது, வாயில் வந்தது. நம் ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று மூன்றையும் அப்படித்தான் பிடித்தார்கள். அவர்களுக்கா மொழி வராது? நாம் சொல்லிக்கொடுக்கும் முறைதான் கோணல்.

நம் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் ராஜாஜி. மகாபாரதத்தையும் ராமாயணத்தையும் ஆங்கிலத்தில் எழுதினார். எடுத்துப் பாருங்கள், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் எளிய நடை. அவர் பிறந்த வீட்டை நினைவில்லமாக வைத்திருக்கிறோம். அந்த ஊர்ப் பிள்ளைக்கு வாளியை உதைக்கக் கற்றுக்கொடுக்கிறோம்!

பெற்றோரே, இன்று இரவு உங்கள் பிள்ளையிடம் 'ஹோல்ட் ஆன்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதிலைக் கீழே எழுதுங்கள். ஆசிரியர்களும் படிக்கட்டும்.

— ஓய்வுபெற்ற ஆசிரியர், தொரப்பள்ளி