விளக்குக் கட்டுபவருக்கும் ஒத்திகை வேண்டும்



பொங்கல் விழாவை "கிராமத்துத் திருவிழா" என்றோ "பூம்புகார் மாலை" என்றோ ஒரு கருவை வைத்து அமைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான். பெங்களூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் தாத்தா ஊரை மேடையிலாவது பார்க்கிறார்கள். நடனத்துக்கு இரண்டு மாதம் ஒத்திகை. உடைக்குத் தனிக் குழு. சாப்பாட்டுக்கு மூன்று கூட்டம். விளக்குக்கு? "சாமியானாக்காரரே நாலு லைட் போட்டுவிடுவார்" என்ற ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பல ஆண்டுகளாக நம் விழாக்களில் விளக்குக் கட்டிவரும் அனுபவத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒருமுறை கிராமியக் காட்சி. மேடையில் ஓலைக்குடிசை, வைக்கோல் போர். மண்டபம் கைக்கு வந்ததே மாலை நான்கு மணிக்கு. ஆறு மணிக்கு விழா. குறுக்குக் குழாயில் 12 விளக்குகளை அவசரமாக மாட்டினேன். ஒன்றின் திருகை முழுதும் முறுக்கவில்லை. காப்புச் சங்கிலியும் போடவில்லை. கும்மி ஆடிய குழந்தைகள் உள்ளே போன சில நொடிகளில், அவர்கள் நின்ற இடத்திலேயே அந்த விளக்கு விழுந்தது. வைக்கோலுக்கு ஒரு முழம்தான் தூரம். வேட்டுச் சத்தம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. எனக்குக் கால் நடுங்கியது. பிழை என்னுடையதே. ஆனால் எனக்கு இரண்டே மணி நேரம் தந்தது நம் எல்லாருடைய பிழை.

இந்த ஊர் அறியாத ஆபத்தா இது? 1981 பிப்ரவரி 7 அன்று இதே பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றி 90க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். துணியும் ஓலையும் கூட்டமும் சேர்ந்த இடத்தில் நெருப்பு யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை.

கணக்கையும் பார்ப்போம். 1000 வாட் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் நாலேகால் ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். 12 விளக்குகளுக்கு 52 ஆம்பியர். அதைச் சுவரில் உள்ள 15 ஆம்பியர் பிளக்கில் ஒட்டுப் போட்ட ஒயரால் இழுத்தால் என்ன ஆகும்? மெயின் போர்டிலிருந்து தனி ஒயர் எடுத்து, மூன்று பேஸிலும் பிரித்து, எர்த் கொடுத்தே ஆகவேண்டும். இப்போது எல்இடி வந்துவிட்டதால் மின்சாரமும் சூடும் குறைந்திருப்பது உண்மை. ஆனாலும் சரியாக மாட்டாவிட்டால் அதுவும் தலையில்தான் விழும்.

பாதுகாப்பு மட்டுமல்ல, கலையும் இதில் அடங்கியிருக்கிறது. சென்ற முறை பச்சைப் பாவாடை கட்டிய சிறுமிகள் மீது சிவப்பு ஒளி போட்டேன்; பாவாடை கறுத்துப் போயிற்று. அம்மாக்களின் மனவருத்தம் நியாயமானதே. உடையை முதல் நாளே விளக்கின் கீழ் பார்த்திருந்தால் மஞ்சள் ஒளி போட்டிருப்பேன். ஆர்.எஸ். மனோகர் நாடகங்களின் காட்சி ஜாலங்களைப் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். ஒத்திகையில்லாமல் அவை வந்திருக்குமா?

இது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் மேடைக்கு அளவு சொல்கிறார்: எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். அத்தோடு விடாமல், தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைக்கப்பட்டதையும் சொல்கிறார். மாதவி ஆடுவதற்கு முன்பே விளக்குக்கு இடம் பார்த்திருக்கிறார்கள்!

எனவே விழாக்குழுவுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, மண்டபத்தை முதல் நாள் மாலையே எடுங்கள். கூடுதல் வாடகையை மேடை அலங்காரத்தில் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு, தலைக்கு மேலே தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் கொக்கியோடு இரும்புச் சங்கிலியும் இருக்கவேண்டும்; அதை எண்ணிப் பார்த்த பிறகே திரை விலகட்டும். மூன்று, நிகழ்ச்சி நிரலின் ஒரு பிரதியை விளக்குக்காரரிடமும் கொடுங்கள்.

நன்றியுரையில் எங்கள் பெயர் விட்டுப்போனாலும் பரவாயில்லை. ஆடி முடித்த பிள்ளைகள் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால் அதுவே எங்களுக்குப் பொன்னாடை.