கொடைக்கானல் பனியில் கோடி ரூபாய் ஃபோர் வீல் டிரைவ்: ஏறும்... ஆனால் நிற்குமா?

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், கொடைக்கானல் ரீல்ஸ் வரிசைகட்டி வந்துவிடும். ஏரியைச் சுற்றியுள்ள புல்வெளி வெள்ளை வெளேர் என்று கிடக்கும். கார் கூரையில் படிந்த வெண்படலத்தில் யாராவது விரலால் பெயர் எழுதுவார்கள். பின்னணியில் பிரமாண்டமாக ஒரு சொகுசு எஸ்யூவி நிற்கும். 'மினி காஷ்மீர்' என்று தலைப்பு. கீழே ஒரு கமெண்ட்: "இந்த வண்டி இருந்தா பனியெல்லாம் ஒரு மேட்டரே இல்ல ப்ரோ!"

அந்தக் கமெண்ட்டில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் மலைப்பாதையில் ஆளைக் கவிழ்க்கும்.

முதலில், கொடைக்கானலில் இருப்பது எந்தப் பனி?

தமிழில் பனித்துளியும் பனிதான், மூடுபனியும் பனிதான், இமயமலையில் கொட்டுவதும் பனிதான். குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் வானத்திலிருந்து பனி கொட்டுவதில்லை. டிசம்பர், ஜனவரியில் அங்கே வருவது உறைபனி. மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் தரை தன் வெப்பத்தை வேகமாக இழக்கும். குளிர்ந்த காற்று பள்ளமான இடங்களில் போய்த் தேங்கும். புல் நுனியிலும் கார் கூரையிலும் இருக்கும் ஈரம் அப்படியே உறைந்துவிடும். விடிகாலையில் ஏரிக்கரையிலும் ஜிம்கானா புல்வெளியிலும் வெள்ளையாகத் தெரிவது இதுதான்.

பகலில் வெயில் குடித்த தார்ச்சாலை, புல் அளவுக்குச் சீக்கிரம் குளிர்வதில்லை. அதனால் ரோடு முழுக்க ஐஸ் படிவது அரிது. ஆனால், வெயில் படாத வளைவுகளில் விடிகாலையில் மெல்லிய படலம் இருக்கலாம். வெயில் ஏறியதும் உறைபனி உருகி ஓரங்களை ஈரமாக்கும். அதோடு மரத்தடியில் ஊறிக்கிடக்கும் இலைகள், பாசி, திடீரென்று வந்து மூடும் மூடுபனி. கொடைக்கானல் டிரைவருக்கு உண்மையான சவால் இவைதான்.

ஃபோர் வீல் டிரைவ் என்ன செய்யும்?

சாதாரண கார்களில் இன்ஜின் சக்தி இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் போகும். ஃபோர் வீல் டிரைவில் நான்குக்கும் போகும். ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றவை வண்டியை இழுத்துவிடும். மன்னவனூர், பூம்பாறை பக்கம் செங்குத்தான மண் பாதையில் மழைக்குப் பிறகு ஏற வேண்டும் என்றால், இது நிஜமாகவே பெரிய உதவி. அதில் சந்தேகமே இல்லை.

சொகுசு வண்டிகள் இன்னொரு படி மேலே போகின்றன. லேண்ட் ரோவர் 2004இல் டிஸ்கவரி 3 மாடலில் 'டெரெய்ன் ரெஸ்பான்ஸ்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. ஒரு குமிழைத் திருப்பினால் புல், சரளை, ஸ்னோ ஆகியவற்றுக்கு ஏற்ப வண்டி தன்னை மாற்றிக்கொள்ளும். இப்போது பல நிறுவனங்களின் கார்களில் 'ஸ்னோ மோடு' இருக்கிறது. பெயர் பெருசு, வேலை எளிது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் சக்தியை மெதுவாக விடும். சக்கரம் சுழன்று வழுக்காமல் பார்த்துக்கொள்ளும்.

கவனித்தீர்களா? இவை எல்லாமே வண்டி நகர்வதற்கான உதவிகள். நிற்பதற்கானவை அல்ல.

சரி, பிரேக் போட்டால்?

பிரேக் என்று வந்துவிட்டால் எல்லாக் காரும் 'ஃபோர் வீல்'தான். சின்ன ஹேட்ச்பேக்கிலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. கோடி ரூபாய் வண்டியிலும் அதே நான்குதான். வண்டியை நிறுத்துவது, டயர் ரோட்டைத் தொடும் உள்ளங்கை அளவு இடத்தில் கிடைக்கும் பிடிமானம்.

பள்ளி இயற்பியல் கணக்கே போதும். 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, பிரேக் பிடித்தபின் காய்ந்த ரோட்டில் ஏறத்தாழ 9 மீட்டரில் நிற்கும். நனைந்த ரோட்டில் சுமார் 16 மீட்டர். ஐஸ் படிந்த ரோட்டில், பிடிமானம் காய்ந்த ரோட்டில் இருப்பதில் ஏழில் ஒரு பங்கு என்று வைத்தால், 63 மீட்டர். இது சமதளக் கணக்கு. 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் சரிவில் அதே ஐஸ் என்றால் 126 மீட்டர்! கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அவ்வளவு இடம் எங்கே இருக்கிறது?

"வெயிட்டான வண்டி ரோட்டை நல்லா பிடிக்கும்ல?" என்று கேட்கலாம். எடை கூடினால் பிடிமானம் கூடும், உண்மைதான். ஆனால், நிறுத்த வேண்டிய வேகத்தின் சக்தியும் அதே அளவு கூடுகிறது. இரண்டும் கழிந்துவிடும்.

சொகுசுதான் சிக்கல்

பனியில் ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் பெரிய ஆபத்து அதன் குறை அல்ல, நிறை. சின்னக் காரில் ஏறும்போது சக்கரம் சுழன்று வழுக்கினால் டிரைவருக்கு உடனே தெரிந்துவிடும்: "ரோடு சரியில்லை, பார்த்துப் போகணும்." ஃபோர் வீல் டிரைவ் அந்த எச்சரிக்கையையே மறைத்துவிடுகிறது. வழுக்கும் ரோட்டில் வழுக்காமல் ஏறிவிடுகிறது. உள்ளே சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை. உயரமான இருக்கை வேறு. 60இல் போவது 40 மாதிரி இருக்கும். ரோடு எவ்வளவு மோசம் என்பது முதல்முறை பிரேக்கை அழுத்தும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் எல்லாம் இருக்கிறதே? இருக்கின்றன, உதவுகின்றன. பிரேக் அடிக்கும்போது ஸ்டீயரிங் கட்டுப்பாடு போகாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால், ரோட்டில் இல்லாத பிடிமானத்தை எந்த கம்ப்யூட்டரும் உருவாக்க முடியாது.

பனி கொட்டும் ஊர்களில் என்ன செய்கிறார்கள்?

தமிழர்கள் கணிசமாக வாழும் மான்ட்ரியல் நகரம் இருக்கும் கனடாவின் கியூபெக் மாகாணத்தைப் பாருங்கள். அங்கே பதிவான கார்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். ஃபோர் வீல் டிரைவ் இருந்தாலும் விலக்கு கிடையாது. ஏனென்றால், சாதாரணக் கோடைக்கால டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும், பிடிமானம் குறையும். விண்டர் டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்கும்.

நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 2024 டிசம்பரில் மணாலி அருகே சோலாங் – அடல் சுரங்கப்பாதை இடையே பனிப்பொழிவில் சுமார் ஆயிரம் வாகனங்கள் சிக்கிக்கொண்டன. பனி கொட்டும் நாட்களில் அந்தப் பாதையில் ஃபோர் பை ஃபோர் வண்டிகளையும் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிகளையும் மட்டும் போலீஸ் அனுமதிப்பது வழக்கம். ஃபோர் பை ஃபோர் என்பது அங்கே நுழைவதற்கான தகுதி மட்டுமே. இறக்கத்தில் வண்டி சறுக்கினால் அதுவும் பார்வையாளர்தான்.

தமிழ்நாட்டில் விண்டர் டயரோடு ஓடும் காரைப் பார்ப்பதே அரிது. அதற்குத் தேவையும் இல்லை. ஆக, இங்கே 'ஸ்னோ மோடு' பட்டனை அழுத்துபவரின் வண்டிக்குக் கீழே இருப்பது, சென்னை வெயிலில் ஓடிய அதே டயர்.

இது யாருடைய பிரச்னை?

வண்டி வைத்திருப்பவரின் பிரச்னை மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆனால், காட்ரோடு – பெருமாள்மலை பாதையில் அரசுப் பேருந்தும் வரும், காய்கறி லாரியும் வரும், டூவீலரில் வேலைக்குப் போகிறவரும் வருவார், பள்ளிக்கு நடந்துபோகும் பிள்ளைகளும் இருப்பார்கள். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி வளைவில் சறுக்கி எதிர்ப்பக்கம் போனால், உள்ளே இருப்பவருக்கு ஏர்பேக் இருக்கிறது. எதிரே வருபவருக்கு?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்ற கேள்விக்கு அது ஒரு பதில். அந்த வண்டிகள் எப்படி ஓட வேண்டும் என்பதையும் அதே இடத்தில் சொல்லலாமே? உறைபனி மாதங்களில் பாஸ் டவுன்லோடு ஆகும்போது போன் திரையில் நான்கு வரி வந்தால் போதும். ஷோரூம்களும் டெஸ்ட் டிரைவில் ஏற்றத்தை மட்டும் காட்டாமல், ஈர ரோட்டில் பிரேக்கையும் காட்டலாம்.

அதுவரை, மலையேறும் முன் பார்க்க வேண்டியவை:

டயர்: சட்டப்படி கார் டயரில் குறைந்தது 1.6 மி.மீ. பள்ளம் இருக்க வேண்டும். மலைக்கு அதைவிடக் கூடுதலாக இருப்பது நல்லது. காற்றழுத்தத்தையும் பாருங்கள்.

கியர்: இறங்கும்போது குறைந்த கியர். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடு. பிரேக்கில் கால் வைத்தே இறங்கினால் அது சூடாகி வலுவிழக்கும்.

லைட்: மூடுபனியில் லோ பீம். ஹை பீம் போட்டால் வெளிச்சம் உங்கள் கண்ணிலேயே திருப்பி அடிக்கும். ஓடும்போது ஹசார்டு லைட் வேண்டாம், எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது மற்றவருக்குத் தெரியாது.

வழி: குறுகிய மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. இது மரியாதை மட்டுமல்ல, விதி.

நேரம்: உறைபனி ரீல்ஸுக்காக விடிகாலை 5 மணிக்கு வண்டியை எடுக்க வேண்டாம். முந்தின நாளே போய்த் தங்கி, காலையில் ஏரிக்கு நடந்து போங்கள். உறைபனியைப் பார்க்க ஃபோர் வீல் டிரைவ் தேவையில்லை, ஸ்வெட்டர் போதும்.