ஆடலாமா, 'ஸ்கூட்' சொல்லலாமா?

தீபாவளி வந்தால் பாயான் லெப்பாஸ் பக்கம் பல வீடுகளில் முறுக்குக்கு முன்னாலேயே சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடும். மாமாக்களுக்கு ரம்மி. தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வரும் தம்பிகளுக்குப் போக்கர். இரண்டிலும் தலையைச் சொறிய வைக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் கையோடு தொடர்வதா, விலகுவதா?

ரம்மியில் விலகுவதற்கு விலை எழுதியே வைத்திருக்கிறார்கள். 13 சீட்டைப் பார்த்ததும், ஒன்றையும் எடுக்காமல் விலகினால் 20 புள்ளி. ஆடத் தொடங்கிய பிறகு என்றால் 40. கடைசிவரை இருந்து தோற்றால் அதிகபட்சம் 80. தமிழ்நாட்டில் இதற்கு 'ஸ்கூட்' என்று பெயர். கைப்பேசி ஆட்டங்களில் 'டிராப்'. ஜோக்கரும் இல்லை, இரண்டு சீட்டு ஒட்டவும் இல்லை என்றால் 20 புள்ளியைக் கொடுத்துவிட்டு எழுந்து போவதுதான் லாபம். ஆனால் சுற்றிலும் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது நம் ஆட்களுக்கு 'ஸ்கூட்' சொல்ல வெட்கம்! (101 புள்ளி ஆட்டத்தில் ஏற்கெனவே 85 வாங்கியவருக்கு அந்த வசதியும் கிடையாது. 20 சேர்ந்தால் ஆளே வெளியே.)

ஏழு சீட்டு ஸ்டட் போக்கரில் கணக்கு இன்னும் சுவையானது. வானொலியில் இரண்டு பாட்டுக்கு நடுவே இதைச் சொல்லி முடிக்க முடியாது, அதனால் இங்கே சொல்கிறேன். உங்களிடம் ஐந்து சீட்டு, அதில் நான்கு இஸ்பேடு. இன்னும் இரண்டு வரும். ஒன்றாவது இஸ்பேடாக வந்தால் ஃபிளஷ். எதிரே இரண்டு பேர், ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று திறந்த சீட்டு. அந்த ஆறில் இஸ்பேடே இல்லையென்றால் உங்களுக்கு ஏறக்குறைய 40 விழுக்காடு வாய்ப்பு. நான்கு இஸ்பேடு அங்கே கிடந்தால் 23தான். உங்கள் கை மாறவே இல்லை!

நடுவில் 20 புளியங்கொட்டை, தொடர 10 வைக்க வேண்டும் என்று வையுங்கள். 10 வைத்து 30 எடுக்கும் பேரம். மூன்றில் ஒருமுறையாவது வந்தால்தான் கட்டும். அடுத்த சுற்றுப் பந்தயத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 40க்கு இருக்கலாம், 23க்குக் கவிழ்க்க வேண்டும். "இவ்வளவு போட்டுட்டேனே" என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. நடுவில் போட்ட கொட்டை இனி உங்களுடையது அல்ல.

விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டியிருப்பதால்தான் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1967லேயே சொன்னது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரையும் அந்த வரிசையில் சேர்த்தது. ஆனால் 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் மொத்தமாகத் தடை செய்தது. எனக்கு அது சரியாகவே படுகிறது. வீட்டில் கட்டைக் கலைப்பதற்குள் யாராவது சாப்பிடக் கூப்பிடுவார்கள். கைப்பேசியில் கூப்பிட ஆளில்லை. அடுத்த கை நொடியில் வந்துவிடும். இரவு ஷிஃப்ட் முடிந்து அறையில் தனியாக இருக்கும் பையன் ஒவ்வொரு கையிலும் சரியாகவே விலகுவான், செயலியை விட்டு மட்டும் விலக மாட்டான். சம்பளம் தீர்ந்தால், மின்கம்பத்தில் ஆலோங் எண் ஒட்டியிருக்கிறது.

இந்தத் தீபாவளிக்குப் புளியங்கொட்டையே போதும். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, எதிரே கிடக்கும் சீட்டை எண்ணச் சொல்லுங்கள். தேநீர் கலக்கும் வேலை, முதலில் 'ஸ்கூட்' சொல்லும் மாமாவுக்கு.